இடது ரெண்டு, வலது மூணு

ஊசி உள்ளே போய்விட்டது. ஜெனோவா மேடம் அதன் பிடியைக் கட்டைவிரலால் அழுத்தியதும் மெஷின் ஒரு டிக் சொன்னது, அவ்வளவுதான், இனி இருபத்திரண்டு நிமிடத்துக்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. மணி இரண்டு நாற்பது. மத்தியானச் சோறு வயிற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டு கண்ணைக் கீழே இழுக்கிற நேரம். திரையில் ஒரு பச்சைக் கோடு தரையோடு தரையாக ஊர்கிறது, மழைக்கு முன்னால் சுவரோரம் போகிற எறும்புக்காவது ஒரு அவசரம் இருக்கும், இதற்கு அதுவும் கிடையாது. ஏசி ஓடுகிறது. மெஷினுக்காக வைத்த ஏசி, அது போக மிச்சம் எங்களுக்கு. உள்ளே ஒரு சுடர் எரிகிறதாம், கடுகளவு, வெளிச்சமே தெரியாத சுடர். அதன் வழியாக ஒவ்வொரு ஆவியாகப் போய் எரியும்போது கோடு எழும்பும். நான் அந்தச் சுடரைப் பார்த்ததில்லை. ஒருநாள் மேடம் பளபளப்பான ஸ்பேனரை அதன் வாயில் காட்டினார், ஸ்பேனரில் வேர்வை பூத்தது, பாருங்க இசக்கியக்கா, எரியுது என்றார். பிள்ளை தூங்கும்போது மூக்குக்குக் கீழே நான் விரலை வைத்துப் பார்ப்பேனே, அது மாதிரிதான். செவ்வந்தி இப்போது தூங்கியிருப்பாளா? தூங்கியிருக்க மாட்டாள். பால் நிறுத்தி இன்றைக்கு மூன்றாம் நாள். அத்தை தொட்டிலை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்து, ஏட்டி உன் ஆத்தா வருவா, வருவா என்று சொல்லிக்கொண்டிருப்பார். நெஞ்சு கல்லாகக் கட்டிக்கிடக்கிறது. அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் சுரந்துவிடும், மேலே போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டும் போதாது. திரையில் ஊர்கிற கோட்டைப் பார், இசக்கி, கோட்டைப் பார்.

ஜெனோவா மேடம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கால் பெருவிரலால் தரையில் தாளம் போடுகிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். டாக்டர் பட்டத்துக்காக மூன்று வருஷமாக இந்த ஒரு வெள்ளைப் பொடியோடு மல்லுக்கட்டுகிறார். நான் அவருக்கு உதவியாள். பொடியைக் கழுவ, வடிகட்ட, நிறுக்க, சூளையில் வைக்க, எடுக்க. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரைக்கும் படித்ததற்கு இந்த வேலை கிடைத்தது. வந்த புதிதில் அவர், என் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்க என்றார், எனக்கு நாக்கு வரவில்லை, அவருக்கும் என்னை இசக்கியம்மாள் என்று கூப்பிட வாய் வரவில்லை. நான் மேடம், அவர் அக்கா. முறை கெட்ட முறைதான், பழகிவிட்டது. பொடியின் பெயர் ஜியோலைட். முதல் நாள் பார்த்தபோது கோலப்பொடி என்றே நினைத்தேன். தொட்டால் கோலப்பொடியைவிட மெத்து, விரலில் ஒட்டினால் ஈரத்தை உறிஞ்சி விரல்நுனி காய்ந்துபோகும், அவ்வளவு தாகம் அதற்கு. அதற்குள்ளே ஓட்டை, ஓட்டைக்குள் ஓட்டை, குறுக்கே நெடுக்கே சந்துகள். பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத சந்துகள். ஒரு கரண்டிப் பொடியின் சந்துகளையெல்லாம் பிரித்து விரித்தால் நம்ம காலேஜ் மைதானமே போதாது என்று மேடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், பிறகு வீட்டில் மாவு சலிக்கும்போதெல்லாம் சல்லடையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தச் சந்துக்குள் டொலுவீன் ஆவியை அனுப்பினால் உள்ளே அடிபட்டு, பிரிந்து, சேர்ந்து, வெளியே வரும்போது மூன்று அக்கா தங்கச்சிகளாக வரும். பாரா, மெட்டா, ஆர்த்தோ. மூன்று பேருக்கும் ஒரே எடை, ஒரே சரக்கு. கை வைத்திருக்கிற இடம்தான் வேறு. பாரா இரண்டு கையையும் எதிரெதிராக, நெட்டுக்குத்தலாக நீட்டிக்கொண்டு ஒல்லியாக இருப்பாள். ஆர்த்தோ இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு அகலமாக. எனக்கு உடனே விளங்கிவிட்டது: இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பஸ் வாசலில் ஏறுகிறவள் ஆர்த்தோ, பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஏறுகிறவள் பாரா. இதைச் சொன்னதும் மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கைடு சார்கிட்ட இதையே சொல்லுதேன் அக்கா என்றார். எல்லாருக்கும் வேண்டியது பாராதான். துணி நூல் செய்ய, பாட்டில் செய்ய. சந்து வாசல் குறுகலாக இருந்தால் ஒல்லிக்காரி மட்டும் வெளியே வருவாள், மற்ற இரண்டு பேரும் உள்ளேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் அவர்களும் கையை மாற்றி வைத்துக்கொண்டு பாராவாகி வருவார்கள்.

ஆனால் வெளித்தோல் இருக்கிறதே. அங்கேதான் வில்லங்கம். ஆவியை அடித்து மாற்றுகிற புளிப்பு இடங்கள், ஆசிட் இடங்கள், சந்துக்குள் இருக்கிற மாதிரியே பொடியின் வெளித்தோலிலும் இருக்கின்றன, பாடுபட்டு வெளியே வந்த பாராவைப் பிடித்து மறுபடியும் மெட்டாவாகவும் ஆர்த்தோவாகவும் திருப்பிவிடும். ஊரைவிட்டுப் படித்து வந்தவளை வாசலிலேயே மறித்து அடுப்படிக்கு அனுப்புகிற மாதிரி. அதனால் தோலை மட்டும் மூட வேண்டும், உள்ளே தொடக் கூடாது. அதற்குத்தான் சிலிக்கா பூச்சு. எண்ணெய் மாதிரி ஒரு திரவம், அதன் துகள் பெரியது, சந்துக்குள் நுழைய முடியாது, வெளியேதான் ஒட்டும். பொடியோடு அதைக் கலக்கி, காயவைத்து, ஐந்நூற்று ஐம்பது டிகிரிச் சூளையில் வைத்தால் மெல்லிய கண்ணாடித் தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பூச்சுப் போதவில்லை. இரண்டு பூச்சா, மூன்று பூச்சா, அதுதான் இப்போதைய கேள்வி. இரண்டில் தோல் முழுக்க மூடாமல் இருக்கலாம். மூன்றில் வாசலே அடைத்துப்போகலாம். சார் திங்கட்கிழமை உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்வார், அதற்குப் பிறகு ஒரு வருஷ வேலை முழுக்க அந்த எண்ணிக்கையில்தான். இப்போது மெஷினுக்குள் போயிருப்பது மூன்று பூச்சுப் பொடியில் வந்த சாறு. அப்படித்தான் நோட்டில் எழுதியிருக்கிறது. எழுதினது நான். மூன்று பூச்சு, வலது. என் கையெழுத்து ஊர்ப் பள்ளிக்கூடக் கையெழுத்து, குண்டு குண்டாக, சந்தேகமே இல்லாத மாதிரி இருக்கும்.

சந்தேகமே இல்லாத மாதிரி. சூளைக்குள் எந்த மையும் நிற்காது, மார்க்கரில் எழுதினால் எரிந்து வெள்ளையாகிவிடும், காகிதம் ஒட்டினால் சாம்பல்கூட மிஞ்சாது. அதற்கென்று ஒரு இரும்பு மை இருந்தது, அது தீர்ந்து இரண்டு மாசமாகிறது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: வைக்கும்போதே நோட்டில் ஒரு கட்டம் வரைந்து, எந்தக் கிண்ணம் எந்தப் பக்கம் என்று எழுதிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். இடது ரெண்டு, வலது மூணு. வாய்ப்பாடு மாதிரி வாயில் சொல்லிக்கொண்டே வைப்பேன். செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. அத்தை. பின்னால் செவ்வந்தி அழுகிறாள், அழுகை என்று சொல்ல முடியாது, மூச்சை இழுத்து இழுத்து, பாதியில் நின்று நின்று. அத்தை போனைப் பிள்ளை வாயருகே பிடித்து, இந்தா உன் அம்மா, பேசு என்கிறார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வலதுகையில் இடுக்கி, இடுக்கியில் கிண்ணம். உள்ளே சூடு பார்க்கிற கம்பி ஒன்று நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும். கிண்ணம் அதில் முட்டியது. முட்டியதும் நான் என்ன செய்தேன்? நகர்த்தினேன். எதை நகர்த்தினேன்? முதல் கிண்ணத்தை உள்ளே தள்ளிவிட்டு இரண்டாவதைப் பக்கத்தில் வைத்தேனா, இல்லை முதல் கிண்ணத்தை எடுத்து அந்தப் பக்கம் மாற்றிவிட்டு இரண்டாவதை இந்தப் பக்கம் வைத்தேனா? அம்மா, என்றாள் செவ்வந்தி, ஒரே ஒரு தடவை. கதவைச் சாத்தினேன். கட்டம் வரையவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் இரண்டு வெள்ளைக் கிண்ணம், இரண்டு வெள்ளைப் பொடி, ஒரு தாய் வயிற்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன. அப்போதுதான் நோட்டைத் திறந்து கட்டம் வரைந்து, அதன்படி பொடியை இரண்டு டப்பாவில் போட்டேன். இடது ரெண்டு, வலது மூணு. எப்போதும் அப்படித்தானே வைப்பேன் என்று மனசு சொன்னது. எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு?

கோடு எழும்புகிறது. ஐந்தாவது நிமிடம். பென்சீன், என்றார் மேடம் தனக்குத்தானே. சின்னக் கொம்பு ஒன்று முளைத்து, சரிந்து, மறுபடி தரை. இது ஒன்றும் செய்யாது, இது எல்லாவற்றிலும் வரும். பாரா வருவது பதினாறாவது நிமிடத்தில். இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, நிறைய நேரம் இல்லை. கம்பியில் முட்டியது. முட்டியதும் நான் நகர்த்தினேன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அறுந்த கேசட் நாடா மாதிரி மனசு அங்கேயே நின்று சுற்றுகிறது. நேற்று ராத்திரி முழுக்க சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, காற்றில் இடுக்கியைப் பிடித்து வைத்துப் பார்த்தேன், எங்க வீட்டுக்காரர் சுடலைமுத்து என்னட்டி, கை பிடிச்சுக்கிடுச்சா என்று கேட்டுவிட்டுத் தைலத்தை எடுத்துக் கொடுத்தார். தேய்த்துக்கொண்டேன், வேறென்ன செய்ய. நாள் முழுக்க டிராக்டர் ஓட்டிவிட்டு வந்த மனுஷனிடம் ஜியோலைட் பற்றிப் பேச முடியுமா? பேசினால் கேட்பார், பாவம், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்.

வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தது அத்தைதான். பிள்ளைக்கு ஒன்றே முக்கால் வயசாச்சு, பல்லு முளைச்சு பருப்பு கடிக்கா, இன்னும் என்ன பாலு, ஊர்ல கேட்டா சிரிப்பாக, மறக்கடி என்றார். சொன்னது நியாயம்தான். நானும்தான் எத்தனை நாளைக்கு மத்தியானத்தில் பாத்ரூமில் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவது. செவ்வாய்க்கிழமை காலை முதன்முதலாகத் தடவிக்கொண்டேன். பச்சையாக, குளுகுளுவென்று. செவ்வந்தி ஓடிவந்து மடியில் ஏறி, வழக்கம்போலக் கண்ணை முன்கூட்டியே மூடிக்கொண்டு வாயை வைத்தாள். வைத்தவள் எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மார்பைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள், நீ எப்படி இப்படிச் செய்யலாம் என்று கேட்கிற மாதிரி. அத்தை கைதட்டிச் சிரித்து, காக்கா கொண்டுபோயிருச்சு, பாலு போச்சு என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன், ஆற்றுப்பாலம் தாண்டும்போதுதான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது, பக்கத்து சீட்டு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்பூச்சு. உள்ளே பால் அப்படியேதான் இருக்கிறது, வாசலில் மட்டும் கசப்பு. எனக்கு அன்றைக்கே இது தோன்றியது, ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் மேடத்திடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன், நானும் சர்பேஸ் மாடிபிகேஷன்தான் பண்ணிட்டு வந்திருக்கேன் என்று. சொல்ல வரவில்லை. அன்று சாயங்காலம்தான் கம்பியில் முட்டியது.

பச்சைக் கோடு நீளமாகப் போகிறது. கண் சொக்குகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் கோடு தண்ணீர் விளிம்பாகி, குளத்தங்கரையாகி, நான் உள்ளே இறங்கிவிடுகிறேன். வெள்ளையாக ஒரு சந்து. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், சுவரெல்லாம் ஈரத்துக்கு ஏங்கி விரிந்து கிடக்கிறது, என் சேலையின் ஈரத்தை இழுக்கிறது, நெற்றி வேர்வையை இழுக்கிறது. இடுப்பில் செவ்வந்தி. திரும்பினால் இன்னொரு சந்து, அதே மாதிரி. அதற்குள் இன்னொன்று. யாரோ எனக்கு முன்னால் போகிறார்கள், கொலுசுச் சத்தம் மட்டும் கேட்கிறது. வாசல் தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது, ஆனால் வாசல் சுருங்கிக்கிடக்கிறது, பூசிப் பூசிச் சுருக்கியிருக்கிறார்கள், நான்தான் பூசினேன், ஒரு பூச்சா ரெண்டு பூச்சா மூணு பூச்சா என்று வாசலில் யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள், சொன்னால்தான் விடுவார்களாம். இடது ரெண்டு என்கிறேன். எது இடது என்கிறார்கள். உள்ளேயிருந்து பார்த்தா, வெளியேயிருந்து பார்த்தா? செவ்வந்தியைத் தலைக்குமேல் தூக்குகிறேன், ஒல்லியாகப் போய்விடலாம் என்று. அவள் மேலேயிருந்து கையால் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கச்சு என்கிறாள். அக்கா, டொலுவீன் வந்தாச்சு, என்கிறது வெளியேயிருந்து ஒரு குரல்.

விழித்துக்கொண்டேன். தூங்கவில்லை, தூங்கவில்லை. எட்டாவது நிமிடம், திரையில் பெரிய கோபுரம், உச்சி மேலே முட்டி வெட்டுப்பட்டு நிற்கிறது. உள்ளே போனதில் மாறாமல் திரும்பி வந்த டொலுவீன் இது. இவ்வளவு பெரிசா இருக்கே, நிறைய மாறாமலே வந்திருக்கு போல, வாசல் அடைச்சிருச்சோ என்று மேடம் நகத்தைக் கடித்தார். அடைத்திருந்தால் இது மூன்று பூச்சுதான். அப்படியானால் நான் சரியாகத்தான் வைத்தேன். அப்படியானால் எனக்கு நல்லது, மேடத்துக்குக் கெட்டது. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வரலாமா? வந்துவிட்டது. வந்ததும் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது, இன்னும் ஒல்லியாக, வழுக்கிக்கொண்டு. பொறு இசக்கி. பேசாமல் இரு. பாரா வரட்டும். பாரா ஓங்கி வந்தால் மூன்று பூச்சு நல்லது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டுப் போவார்கள், உன்னை யாரும் கேட்கப்போவதில்லை. பாரா குட்டையாக வந்தால் அப்போது சொல்லிக்கொள், ஐயோ மேடம், டப்பா மாறிப்போச்சு, இது ரெண்டு பூச்சு, மூணு இங்க இருக்கு என்று அலமாரியிலிருக்கிற மற்ற டப்பாவை எடுத்து நீட்டு. எப்படி வந்தாலும் உனக்குச் சேதம் இல்லை. என்ன சாமர்த்தியம். எனக்கே என் மேல் ஒரு நிமிஷம் மதிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. ஏனென்றால், மூன்று நல்லதா இரண்டு நல்லதா என்பதுதானே கேள்வி, நல்லதாக வந்ததற்கெல்லாம் மூன்று என்று பெயர் வைத்தால் பிறகு கேள்வி எதற்கு, மெஷின் எதற்கு, இந்தச் சுடர் எதற்கு. ஓங்கி வந்தது உண்மையில் இரண்டாக இருந்தால் மேடம் ஒரு வருஷம் மூன்று மூன்றாகப் பூசிக்கொண்டே இருப்பார், ஒருநாளும் இந்தக் கோபுரம் திரும்ப வராது. தன் கையில்தான் கோளாறு என்று நினைப்பார். நகம் கடித்துக் கடித்து விரலே மிஞ்சாது. நான் பக்கத்திலேயே நின்று கிண்ணம் கழுவிக்கொண்டிருப்பேன்.

சொன்னால் என்ன ஆகும்? எட்டு நாள் வேலை போகும். மேடம் திங்கட்கிழமை சார் முன்னால் வெறுங்கையோடு நிற்பார். மூன்று வருஷத்தில் இரண்டு தடவை ஏற்கெனவே அப்படி நின்றிருக்கிறார், போன தடவை வெளியே வந்து குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், பத்து நிமிடம். அப்புறம் என் பெயர். இந்த வேலை கட்டுரையா வரும்போது உங்க பேரும் போடுவேன் அக்கா, பூச்சு முழுக்க உங்க கைதானே என்று போன மாசம் மேடம் சொன்னார். அச்சில். இசக்கியம்மாள் என்று இங்கிலீஷில். நான் வீட்டில் சொன்னேன். தெருவுக்கே சொன்னேன் என்றுதான் சொல்ல வேண்டும், குழாயடியில் சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரிதானே. அத்தை மட்டும் மசியவில்லை, மாவுக்கு மேல மாவு பூசுததுக்கா பேரு போடுவாக, அப்படின்னா எனக்கு எத்தனை தடவை போட்டிருக்கணும் என்றார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பால்காரரிடம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார், எங்க மருமவ பேரு புஸ்தகத்துல வருது. உதவியாளை நம்பி எப்படிக் கொடுப்பது என்று சார் கேட்டால் அந்தப் பெயர் போயிற்று. பெயரோடு வேலையும் போகலாம். போனால், வீட்டில் செவ்வந்தியோடு இருக்கலாம். அது ஆறுதலா? பாதி ஆறுதல். மீதிப் பாதியில் எனக்குக் கிண்ணமும் இடுக்கியும் இந்த ஏசிக் குளிரும் வேண்டியிருக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் வேண்டியிருக்கிறது. கம்பியில் முட்டியது. நகர்த்தினேன். உள்ளே தள்ளினேனா, மாற்றினேனா. கையைக் கேட்டால் கை மறந்துவிட்டது. அந்த நேரத்தில் கை அங்கே இல்லை, அது தொட்டிலில் இருந்தது.

பதினொன்றாவது நிமிடம். கோடு மறுபடி தரைக்கு வந்துவிட்டது, நீட்டுக்கு வெறும் தரை. இன்றைக்குக் காலையில் செவ்வந்தி செய்தது ஞாபகம் வருகிறது, வேண்டாமென்றாலும் வருகிறது. அழவில்லை அவள். மடியில் ஏறினாள். வாயை வைக்காமல் முதலில் உள்ளங்கையால் ஒரு துடை துடைத்தாள். துடைத்த கையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். கவுன் நுனியை இழுத்து இன்னொரு துடை. மறுபடி நாக்கு. நான் பொடியைக் கழுவும்போது இதையேதான் செய்வேன், ஒவ்வொரு தடவை வடிந்த தண்ணீரிலும் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன், வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் உப்பு இருக்கிறது, மறுபடி கழுவு. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று தடவை துடைத்து, மூன்று தடவை சோதித்து, இன்னும் கசப்பு போகவில்லை என்று தெரிந்ததும், இறங்கிப்போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. கன்னத்தை அங்கேயே வைத்துப் படுத்துக்கொண்டாள். உள்ளே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காக்கா கொண்டுபோகவில்லை என்று தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்றும் தெரிந்து, என்னோடு அதைப் பற்றிச் சண்டை போடாமல், சும்மா படுத்துக்கொண்டாள். அந்தக் கன்னத்துச் சூடு இன்னும் இங்கே இருக்கிறது, வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே, கல்லாகக் கட்டிக்கிடக்கிற இடத்தில்.

பதிமூன்று. பாரா வந்த பிறகு சொன்னால் அது சொன்னதாகாது. வந்ததைப் பார்த்துவிட்டு நான் சொல்வதில் எதையும் நானே நம்ப மாட்டேன், மேடம் எப்படி நம்புவார். சொல்வதென்றால் கோடு தரையில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். பதிமூன்று ஐந்து. பதிமூன்று பத்து. பதினாலில் சொல்லலாம். பதினாலு ஆகிவிட்டது.

"மேடம்," என்றேன். "வலது கிண்ணம் மூணுன்னு எழுதியிருக்கேன்லா. அது எனக்கு நிச்சயமாத் தெரியாது."

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ம் என்றார், பிறகு திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், போன், கம்பி, இடுக்கி, மறுநாள் காலையில் வரைந்த கட்டம். கடைசியில், கோடு எப்படி வருதுன்னு பார்த்துட்டு டப்பாவுக்குப் பேரு வைக்கலாம்னும் நினைச்சேன் மேடம் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதையும் சொன்ன பிறகுதான் மூச்சு முழுசாக வந்தது.

அவர் கையை நீட்டினார். என்னை நோக்கி என்று நினைத்தேன். திரையின் பட்டனைத் தட்டினார். திரை கறுத்துப்போனது.

"பார்க்க வேண்டாம் அக்கா. பார்த்துட்டா நம்ம கண்ணே பேரு வச்சிரும்."

மெஷின் மட்டும் ஓடியது. கறுப்புத் திரையில் நாங்கள் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தோம், ஸ்டூலில் ஒரு வெள்ளைக்கோட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைக்கோட்டு, எது இடது எது வலது. அதற்குப் பின்னால் எங்கேயோ கடுகளவுச் சுடருக்குள் பாரா வந்துகொண்டிருந்தாள், ஓங்கியோ குட்டையாகவோ, அவளுக்கு என்ன, அவள் பாட்டுக்கு வருவாள். அது மெஷினின் வயிற்றில் பதிந்திருக்கும், பிறகு வேண்டுமானால் பார்க்கலாம், பெயரில்லாத ஒரு பொடியின் கோடு என்று. பொடியை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் சிலிக்கா எவ்வளவு என்று அளந்து சொல்வார்கள், ஆனால் முறை வர ஒரு மாசமாகும், திங்கட்கிழமைக்கு ஆகாது என்றார் மேடம். மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார். எட்டு நாள் என்றார் மேஜையிடம். ஞாயித்துக்கிழமையும் வாரேன், ஏழு நாள்ல முடிச்சிருவோம் என்றேன். திங்கட்கிழமை சார்ட்ட நானே வந்து சொல்லுதேன் என்றும் சொன்னேன். உங்களைத் திட்டுவாரு அக்கா. திட்டட்டும் மேடம், எங்க அத்தைகிட்ட வாங்காததையா சார் சொல்லப்போறாரு. தலையை மேஜையில் வைத்தபடியே அவர் தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று குனிந்து பார்த்தேன். இரண்டும்தான்.

நோட்டை அவரே இழுத்துத் திறந்தார். என் குண்டு எழுத்துக் கட்டத்தை அடிக்கவில்லை, அதன் கீழே எழுதினார்: இடம் உறுதியில்லை, இந்தப் பொடியின் முடிவை எடுத்துக்கொள்ளக் கூடாது. தேதி போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். இதுவரைக்கும் நான் ஓரத்தில் ஒரு இ மட்டும்தான் போட்டிருக்கிறேன். இன்றைக்கு முழுசாக எழுதினேன், சு. இசக்கியம்மாள். அச்சில் வருமோ வராதோ, தவறுக்குக் கீழே என் பெயர் முழுசாக உட்கார்ந்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெஷின் முடிந்ததற்கு மூன்று தடவை கூவியது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

புதுக் கிண்ணங்களை எடுத்து வைத்தபோது மேடம், இந்தத் தடவையும் இடது வலதை நம்பித்தான் வைக்கணுமா, இரும்பு மை வர இன்னும் பதினஞ்சு நாளாகும் என்றார். எங்கள் வீட்டில் பதினாறு ஆடு. மேய்ச்சலில் எல்லா வீட்டு ஆடும் கலந்துபோகும், சாயம் பூசினால் ஒரு மழைக்கு நிற்காது. அதனால் குட்டியிலேயே காதில் வெட்டுப் போட்டுவிடுவோம், எங்களுக்கு இடது காதில் இரண்டு. எவனும் அழிக்க முடியாது. ஆட்டுக்குப் போடுத மாதிரி இதுக்கும் காது வெட்டிருவோம் மேடம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்து கண்ணாடிக் குழாய் அறுக்கிற சின்ன அரத்தை எடுத்துக் கொடுத்தார். பீங்கான் லேசில் விடவில்லை. கீச்சுக் கீச்சென்று பல் கூசியது, மேடம் காதைப் பொத்திக்கொண்டு, ஆடு கத்துது அக்கா என்றார். வெள்ளைத் தூள் சேலையில் உதிர்ந்தது. அப்போது பார்த்தால் என் வெள்ளைக்கோட்டின் முன்பக்கம் நனைந்து இரண்டு வட்டமாகப் பரவியிருக்கிறது, எப்போது சுரந்தது என்றே தெரியவில்லை. கல் இளகியிருந்தது. துடைக்கவில்லை. இன்றைக்கு வேப்பிலை அரைக்க வேண்டாமென்று அத்தையிடம் சொல்ல வேண்டும். மறக்கடிக்கத்தான் வேண்டும், ஆனால் காக்கா கொண்டுபோயிற்று என்று சொல்ல வேண்டாம். இருக்கு தங்கம், இருக்கு, ஆனா நீ பெரிய பிள்ளையாயிட்டே என்று சொல்லிப் பார்க்கலாம். அழுவாள். அழட்டும், நானும் கூட உட்கார்ந்திருப்பேன். மூணு பூச்சுக் கிண்ணத்தில் மூன்றாவது வெட்டைப் போட்டு ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் நகத்தை ஓட்டினேன். ஓர் இடத்தில் தட்டியது. இன்னும் ஓர் இடத்தில். இன்னும் ஓர் இடத்தில்.

மூணு, என்றேன் கண்ணைத் திறக்காமலே.